வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில்

கடலுக்குள் நிற்கும் ஒரு தூண் முதலில் எந்த இடத்தில் பழுதாகும் என்று இளையவர்களிடம் கேட்டுப் பார்ப்பேன். பெரும்பாலானோர் அடியைக் காட்டுவார்கள். எந்நேரமும் உப்புத்தண்ணீரில் ஊறிக் கிடக்கிற பகுதிதானே முதலில் இற்றுப்போக வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. சிலர் சற்று யோசித்து, வெயில் சுடுகிற தலைப்பகுதி என்பார்கள். இரண்டும் பிழை. தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிந்து பெருகும்போது மறைகிற அந்தக் குறுகிய துண்டும், அதற்குச் சற்று மேலே அலை தெறித்து நனைக்கிற துண்டுமே தூண் சாகிற இடம். எங்கள் வடகடலில் வற்றுப்பெருக்குப் பெரிதில்லை. ஏறக்குறைய இரண்டு அடிக்குள் ஏறி இறங்கிவிடும். முப்பது அடித் தூணில் இந்த இரண்டு மூன்று அடிதான் முழுத்துறையின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

காரணம் எளிது. கம்பி கறள் பிடிக்க ஈரமும் உப்பும் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரமும் உப்பும் தாராளம், காற்றுத்தான் அரிது. அதனால் முழுதாக மூழ்கிய பகுதி நெடுநாள் தாக்குப்பிடிக்கும். தலைப்பகுதியில் காற்று உண்டு, உப்புத்தண்ணீர் குறைவு. நடுத்துண்டுக்கு மூன்றும் கிடைக்கின்றன. நனைகிறது, காய்கிறது, காய்ந்த இடத்தில் உப்புத் தங்குகிறது, அடுத்த பெருக்கில் மறுபடி நனைகிறது. ஒவ்வொரு முறையும் உப்பு ஒரு நூலளவு உள்ளே போகிறது. கம்பியைத் தொடும்வரை வெளியே எதுவும் தெரியாது.

மதகு, பாலம், இறங்குதுறை என்று ஓவசியர் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல். மேற்கே பூநகரி, நாச்சிக்குடா, இரணைமாதாநகர். கிழக்கே சுண்டிக்குளம் தொடங்கி முல்லைத்தீவு, கொக்கிளாய் வரை. இவ்வளவு கரை இருந்தும் கப்பல் அணைகிற துறைமுகம் ஒன்று எங்களுக்கு இல்லை. 2009 பெப்ரவரியில் தொடங்கி மே வரை புதுமாத்தளன் பக்கத்துக் கரையிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியே திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனபோது, ‘கிறீன் ஓஷன்’ என்ற கப்பல் வெளியே நிற்க, மீன்பிடி வள்ளங்களில்தான் நோயாளரை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடலுக்குள் நாலு தூண் நிற்பதன் பெறுமதி என்ன என்று இந்தக் கரையில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவுச் சனம் 2018 ஏப்ரலில் வள்ளங்களிலேயே தங்கள் தீவுக்குத் திரும்பிப் போய் இறங்கியது. அவர்களுக்கு இரணைமாதாநகர் இறங்குதுறைதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாசல்.

அதனால் இந்தத் தூண் விஷயத்தைத் தொழில்காரன் கதையாக மட்டும் நினைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது திருத்தம் என்றால் என்ன என்பதைப் பற்றி.

கம்பி கறள் பிடித்தால் மெலியும் என்று எல்லோருக்கும் தெரியும். மெலிவதற்கு முன் அது பருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இரும்பு கறளாக மாறும்போது பழைய இடத்தைப்போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். சுற்றி இறுகியிருக்கிற கொங்கிறீற்றால் இடம் கொடுக்க முடியாது. முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு மயிரிழை வெடிப்பு விழும். பிறகு அந்த வெடிப்பில் மண்ணிறக் கோடு வடியும். பிறகு ஒருநாள் தட்டாமலே ஒரு பாளம் கழன்று கடலில் விழும். பாளம் விழுந்த அன்றுதான் ஊர் பார்க்கிறது, பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார், ‘திடீரென இடிந்தது’ என்று செய்தி வருகிறது. திடீரென என்ற சொல்லைக் கட்டட வேலைக்காரன் ஒருபோதும் நம்பமாட்டான்.

ஒரு சின்ன இறங்குதுறை, பெயர் வேண்டாம். யாரோ பெரியவர் வருகிறார் என்று அவசர அவசரமாகத் தூண்களைத் திருத்தினார்கள். கழன்ற இடத்தைச் சுரண்டிவிட்டுச் சீமெந்துச் சாந்து அடித்து, மட்டப்பலகை பிடித்து, மேலே வெள்ளை பூசினார்கள். புதுமணப்பெண் மாதிரி நின்றது. சில மாரிகள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கூட வந்த இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆச்சரியத்தோடு கூப்பிட்டுக் காட்டினார்.

“ஐயா, பூசின இடம் கல்லு மாதிரி நிக்குது. அதுக்குப் பக்கத்திலதான் மேலயும் கீழயும் வெடிச்சுப்போய்க் கிடக்கு. முந்தி அந்த இடம் நல்லாத்தானே இருந்தது?”

“நல்லா இருந்தது உண்மைதான் தம்பி. ஏன் நல்லா இருந்தது எண்டு கேட்டனீங்களோ?”

அந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரே கம்பியில் ஒரு இடம் கறள் பிடிக்கும்போது, அந்த இடம் தன்னைக் கொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காக்கிறது. மின்கலத்தில் ஒரு தகடு கரைய மற்றது கரையாமல் நிற்பதுபோல. பக்கத்துக் கொங்கிறீற்றிலும் உப்பு இறங்கித்தான் இருக்கும். ஆனால் அங்கே கறள் தொடங்காமல் பழைய புண் தடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அந்தப் புண்ணை மட்டும் சுத்தம் செய்து புதுச் சாந்து போட்டு நல்லதாக்கிவிட்டால், காத்துக்கொண்டிருந்த கை எடுபட்டுவிடுகிறது. உப்பு ஏறிய பக்கத்துத் துண்டு இப்போது தான் கரையத் தொடங்கும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பழுது வருவது இதனால்தான். பொறியியலாளர் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசன்மார் ‘ஒட்டு கடிக்குது’ என்று முடித்துவிடுவார்கள்.

ஒட்டு கடிப்பதை நான் தூணில் மட்டும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து சனம் மீள்குடியேறிய ஆண்டுகளில் கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற நுண்கடன் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்தது. வீட்டுக்காரன் இல்லாத வீடுகள் நிறைந்த பிரதேசம் இது. கோழி வளர்க்க, தையல் மெசின் வாங்க, பிள்ளையைப் படிப்பிக்க என்று பெண்கள் எடுத்தார்கள். தவணை தவறியதும் அதைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுத்தார்கள். முதல் கடன் புத்தகத்தில் ‘தீர்ந்தது’ என்று கையெழுத்து விழும். வெள்ளை பூசிய தூண் மாதிரி அந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கும். அடுத்த கொம்பனி ஆள் வெள்ளிக்கிழமை படலையில் நிற்பான். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை ரத்துச்செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமை எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு தனிக்கடனும் முறையாகத் தீர்க்கப்பட்ட கடன்தான். குடும்பந்தான் கரைந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பிள்ளைக்கு நான் சொன்னது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்றல்ல. எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுது, தாயாரிடமும் தமையனிடமும் காட்டு, பிறகு பேசுவோம் என்று. எழுதுவதற்கு அவள் நெடுநாள் எடுத்தாள். எழுதியதைக் காட்ட அதைவிட நெடுநாள்.

தூணிலும் அந்தக் கொப்பி எழுதும் வேலைதான் முதல் வேலை. அதற்குச் சுழியோடி இறங்க வேண்டும். முழுத் தூணையும் சுரண்டி முடியாது. ஆகவே ஒவ்வொரு தூணிலும் நீர்மட்டத்தில் ஒரு பட்டி, நடுவில் ஒரு பட்டி, சேற்றுக்குச் சற்று மேலே ஒரு பட்டி என்று சிப்பியையும் பாசியையும் சுரண்டி வெறும் மேனியைப் பார்ப்பார்கள். சுத்தியலால் தட்டுவார்கள். உள்ளே திடமாக இருந்தால் சத்தம் திருப்பி அடிக்கும். பிரிந்திருந்தால் பொத்தென்று அடங்கும். தூணின் கால் நிற்கிற மண்ணையும் பார்க்க வேண்டும். படகின் காற்றாடி கிளப்புகிற நீரும், மாரியில் முகத்துவாரம் வெட்டும்போது களப்புத் தண்ணீர் பாய்கிற வேகமும் காலடி மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். தூண் அப்படியே இருக்கும். பிடிமானம் ஓரிரு அடி குறைந்திருக்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியாது.

எங்கள் களப்புத் தண்ணீர் கலங்கல். சுழியோடி தன் கையையே காணமாட்டான். சங்கும் கடலட்டையும் எடுத்துப் பழகிய முல்லைத்தீவுக் கரை மனிதர் ஒருவர் இப்படியான வேலைக்கு வந்திருந்தார். கீழே என்ன தெரிந்தது என்று மேலே நின்ற எல்லோரும் கேட்டோம். “தெரிய என்ன இருக்கு? கீழ கண்ணுக்கு வேலையில்லை, கைக்குத்தான் வேலை” என்றார். பிறகு தரையில் குந்தியிருந்து, மண்ணில் தன் விரலால் தூணைக் கீறி, எந்தப் பக்கத்தில் எத்தனை சாண் கழன்றிருக்கிறது என்று காட்டினார். தண்ணீரை மறித்து அணை கட்டிப் பார்த்தபோது அந்தக் கீறலில் பெரிய பிழை இருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது இங்கிலாந்தின் வில்லியம் வோக்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வின்செஸ்டர் பேராலயம் பழைய மரத்தடிகளின் மேலே, சேற்றுநிலத்தில் எழுந்த கட்டடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் சரியத் தொடங்கின. அத்திவாரத்துக்குக் குழி வெட்டினால் தண்ணீர் ஊறி நிரம்பியது. இறைத்தால் கட்டடமே சரிந்துவிடும் என்ற பயம். அதனால் சுழியோடி உடையில் வோக்கரை இறக்கினார்கள். 1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ 20 அடி ஆழத்தில், வெளிச்சம் எட்டாத சேற்றுத்தண்ணீருக்குள், தடவித் தடவி அந்த மனிதர் 25,000க்கு மேற்பட்ட சீமெந்துக்கலவைப் பைகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கற்கட்டிகளையும் அடுக்கினார். பேராலயம் இன்றும் நிற்கிறது. 1918இல் பரவிய விஷக்காய்ச்சலில் வோக்கர் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து 1964இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையின் முகம் வோக்கருடையது அல்ல. வேலையை மேலே நின்று நடத்திய பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸின் முகம். படத்தைப் பார்த்து ஆளை மாறிச் செய்துவிட்டார்கள். சரியான முகத்தோடு வேறு சிலை வைக்க 2001 ஆகியது. இதைப் படித்தபோது நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. “கீழ நிண்டவனை ஆருக்குத் தெரியும்?” என்று மட்டும் சொன்னாள். கூட்டுக்குடும்பத்தில் முப்பது பேருக்குச் சமைத்து வளர்ந்தவள் அவள்.

பார்த்து முடித்தபின் வெட்டுவது. இங்கேதான் பெரும்பாலான திருத்தங்கள் தோற்கின்றன. கழன்ற இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. கம்பிக்குப் பின்னாலும் விரல் போகிற அளவு வெட்டி, கம்பி நாலு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். மேலும் கீழும், நல்ல கம்பி பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை போக வேண்டும். பார்ப்பவருக்கு இது அழிவுவேலை மாதிரியே தோன்றும். ‘இவ்வளவு நாளும் நின்ற தூணை இவங்கள் கொத்திக் கெடுக்கிறாங்கள்’ என்று கரையில் நின்று சொல்லாத ஊர் இல்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னரே முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். தூண் தாங்குகிற பாரத்தை வேறு வழியில் இறக்கிவிட்டுத்தான் தூணில் கைவைக்க வேண்டும். அடுத்தடுத்த தூண்களை ஒரே நேரத்தில் வெட்டவும் கூடாது. ஒன்றை வெட்டும்போது பக்கத்துத் தூண் முழுப்பலத்தோடு நிற்க வேண்டும். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கிழமையில் ஒருவரை ஒருவர் திருத்த வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்று தெரியுமல்லவா, அதுதான் இங்கேயும்.

கறளைத் துடைத்து, கால்பங்குக்கு மேல் மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, தூணைச் சுற்றிச் சட்டை மாதிரி ஒரு உறை மாட்டுவார்கள். தகரமாகவோ, கண்ணாடியிழையாகவோ, தடித்த சீலையாகவோ இருக்கலாம். பிறகு கலவையை உள்ளே விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் மேலிருந்து ஊற்றவே பார்ப்பார்கள். கடல்நீருக்குள் ஊற்றிய கலவையில் சீமெந்து தண்ணீரோடு கலைந்து போய்விடும். அடியில் மணலும் கல்லும் மட்டும் கிடக்கும். குழாயை அடிவரை இறக்கி, அடியிலிருந்து நிரப்ப வேண்டும். குழாயின் வாய் எப்போதும் ஈரக்கலவைக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். கலவை மெல்ல மேலே ஏற ஏற, உறைக்குள் இருந்த கடல்தண்ணீரைத் தன் தலையில் சுமந்துகொண்டு வெளியே தள்ளும். மேல்வாயால் முதலில் கலங்கல் தண்ணீர் வரும், பிறகு சாம்பல் தண்ணீர், கடைசியில் கெட்டிக் கலவை. அந்தக் கெட்டிக் கலவை வழிகிறவரை நிறுத்தக் கூடாது. தண்ணீருக்குள் சீமெந்து எப்படிக் காயும் என்று கேட்பார்கள். சீமெந்து காய்வதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. கடலுக்குள் அது நன்றாகவே இறுகும்.

உண்மையில் கடலுக்குள் கல்லும் சுண்ணாம்பும் தனியே நின்றால் பிரச்சினை குறைவு. ரோமர் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய துறைகள் ஈராயிரம் ஆண்டு கழித்தும் நிற்கின்றன. அவற்றுக்குள் இரும்பு இல்லை. எங்களுக்குக் கிட்டவே ஒரு சாட்சி உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையைப் போர்த்துக்கீசர் கடற்பாறைக் கல்லால் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டைமதிலின் ஒரு பகுதி உள்ளே கோறையாக, மர உத்தரங்களின் மேல் நிற்பதைக் கண்டு, அந்த மரங்களை எடுத்துவிட்டுக் கல்லாலும் செங்கல்லாலும் வளைவு கட்டினார்கள். பிடித்த கோட்டைக்கு வெளியே கொடியேற்றியதோடு விட்டிருக்கலாம். உள்ளே போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒல்லாந்தரில் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் அவர்களுடைய ஓவசியருக்கு ஒரு வணக்கம்.

இனி நாகக் கட்டி. இதைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

இரும்பைவிட எளிதில் கரையக்கூடிய உலோகத்தை இரும்போடு இணைத்துக் கடலில் விட்டால், அந்த உலோகம் கரையும், இரும்பு தப்பும். அதனால் தூண்களிலும் கப்பலின் அடியிலும் நாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இந்த வித்தையை முதலில் கடலில் செய்து பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. 1824இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்திருந்த செப்புத்தகடு அரிபடாமல் இருக்க, அதோடு இரும்பையும் நாகத்தையும் சேர்த்தார். செப்புத் தப்பியது. ஆனால் கடற்படை விரைவிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. செப்புக் கரைந்துகொண்டிருந்தவரை அதன் நஞ்சுக்குப் பயந்து சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் கப்பலின் அடியெல்லாம் சிப்பி மூடி ஓட்டம் குறைந்துவிட்டது. காப்பாற்றியதிலும் ஒரு செலவு இருந்தது.

எங்கள் வீடுகளில் இந்த நாகக் கட்டிகள் உண்டு. பெரும்பாலும் மூத்த அக்கா. சில வீடுகளில் வெளிநாட்டில் இருக்கிற ஒரு தம்பி, மத்தியகிழக்கில் வீட்டுவேலை செய்கிற தாய். தம்பி தங்கைமாரின் படிப்பு, கலியாணம், வீட்டுத்திட்டத்து வீட்டின் கூரை எல்லாவற்றுக்கும் கரைவது அந்த ஒருவர். அதில் பிழை சொல்ல நான் வரவில்லை. நாகம் கரையத்தான் வைக்கப்படுகிறது. ஆனால் துறைமுக வேலையில் ஒரு விதி உண்டு. நாகக் கட்டியைக் காலத்துக்குக் காலம் சுழியோடி இறங்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுத வேண்டும். முழுதும் கரையும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே புதுக்கட்டி மாட்ட வேண்டும். கட்டி தீர்ந்த அன்றே தூண் விழாது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. தூண் கறள் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், அங்கே ஒரு கட்டி இருந்தது என்பதே நினைவுக்கு வரும். எந்த வீட்டில் அக்காவின் மிச்சத்தை அளந்து எழுதியிருக்கிறார்கள்? ‘அவவுக்கு ஒண்டும் தேவையில்லை, அவ அப்பிடித்தான்’ என்று சொல்கிற வாயை நான் எத்தனை நல்ல மனிதர்களிடம் பார்த்திருக்கிறேன். ஒரு கலியாண வீட்டில், கடைசித் தங்கைக்குத் தாலி ஏறிய பின்னர், அப்படி ஒரு அக்கா அடுக்களைத் திண்ணையில் கால் நீட்டி இருந்தார். “இனி என்ன செய்யப் போறியள் பிள்ளை?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொன்னார். பிறகு பரந்தனில் ஒரு கடை போடலாம் என்று வெகுநாளாக நினைத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கடை வந்தது. முதல் வாடகைக்குத் தம்பிமார் காசு போட்டார்கள், நான் கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு.

ஒரே காலத்தில் பிறந்த இரண்டு கடல்வேலைகளை வைத்துப் பாருங்கள். 1914இல் இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கிற போட்மெயில் பயணத்துக்காகப் பாம்பன் பாலமும் தலைமன்னார்த் துறையும் பாவனைக்கு வந்தன. உப்புக்காற்றும் ஒன்றே, கடலும் ஒன்றே. பாம்பன் பாலத்தை 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்தது. தூண்கள் நின்றதால் 46 நாளில் இ. ஸ்ரீதரன் தலைமையில் மறுபடி ரயில் ஓடவைத்தார்கள். அதன்பிறகும் வர்ணம் பூசி, உத்தரம் மாற்றி, கறள் பார்த்து 2022 டிசம்பர் வரை பாவித்தார்கள். பக்கத்தில் கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. அதற்குக் கறள் பிடிக்காத உருக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். தலைமன்னாரில் 1984இல் கப்பல் நின்றது. யுத்தம் வந்தது. பார்க்க ஆளில்லை. 2015இல் ரயில் திரும்பவும் அந்தத் துறைவரை வந்தது. துறையின் பழைய கால்கள் அலைக்குள் எலும்பு மாதிரிக் கிடக்கின்றன. கடல் இரண்டையும் ஒரே மாதிரித்தான் அரித்தது. ஒன்றிடம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

காங்கேசன்துறையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அந்தத் துறை. வன்னியின் பழைய மதகுகளில் ஊறியது அந்தச் சீமெந்துதான். 1990இல் தொழிற்சாலை நின்றது. துறைமுகம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. யுத்தத்துக்குப் பின், மூழ்கிக் கிடந்த ஆறு கப்பல்களின் சிதைவுகளை இந்தியா எடுத்தது. அது 2012 தொடக்கத்தில் முடிந்தது. துறைமுகத்தைத் திருத்த 2018இல் 45.27 மில்லியன் டொலர் கடன் ஒப்பந்தம். பிறகு அது 61.5 மில்லியன் டொலர் நன்கொடையாக மாறியது. நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது, நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடி வந்தது. கப்பல் வந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கப்பல் அணைகிற மேடையின் கீழே என்ன நிலைமை என்று ஒரு படமும் நான் காணவில்லை. குறை சொல்லவில்லை. தண்ணீருக்குக் கீழே எடுத்த படம் பார்க்க நன்றாயிருக்காது.

எங்கள் சொந்தக் கணக்கு வட்டுவாகல். பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில், நந்திக்கடல் பெருங்கடலோடு சேருகிற முகத்தில் கிடக்கிற ஒடுங்கிய தாழ்வான பாலம். 2009 மே மாதத்தில் உயிர் தப்பிய சனம் கால்நடையாகக் கடந்த வழி அது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். அதன்பிறகு இத்தனை ஆண்டுகளாக அதன் ஓரம் உடைந்து, கம்பி தெரிந்து, மாரிக்கு மாரி தண்ணீர் மேலால் பாய்ந்து, குழிக்கு மண்ணும் சாந்தும் போட்டு ஓட்டினோம். அது முழுக்க ஒட்டு கடித்த பாலம். 2025 செப்டம்பர் 2இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுப்பாலத்துக்கான வேலையைத் தொடக்கி வைத்தார். நல்ல விஷயம். பக்கத்தில் வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் கடல்தண்ணீரில் விளக்கெரிப்பது எங்கள் வழக்கம். அதே கடல்தண்ணீர் அந்தப் புதுத்தூணின் முதல் நாளிலிருந்தே தன் வேலையைத் தொடங்கும். அம்மனுக்குத் தெரியும், பொறியியலாளருக்கும் தெரியும்.

அதனால் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். வீதி அதிகாரசபையின் கந்தோரில், அந்தப் பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பக்கம் வைத்து ஒரு கொப்பி. கட்டிய அன்று கம்பிக்கு மேலே எத்தனை அங்குலம் கொங்கிறீற்று, காலடி மண் எந்த மட்டத்தில், அடுத்த மாரிக்குப் பின் எந்த மட்டத்தில் என்று. மற்றது, முல்லைத்தீவிலும் செம்மலையிலும் கொக்கிளாயிலும் சங்குக்கும் அட்டைக்கும் இறங்கி, விரைந்து மேலேறியதால் மூட்டுவலியோடும் முடக்கத்தோடும் கரையில் இருந்துவிட்ட பொடியன்மாரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தலைமுறைப் பொடியன்மாருக்கு முறையான காற்றும் முறையான நேரக்கணக்கும் கொடுத்து, துறையையும் பாலத்தையும் பார்க்கிற சுழியோடிகளாகப் பழக்க வேண்டும். கைக்குப் பழகிய வேலை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் பெயர் மட்டும் இல்லை. திறப்புவிழா மேடையில் எனக்கு இடம் கிடைக்காது. கிடைத்தால் கேட்பது இதைத்தான். முதல் மாரி கழிந்ததும் யார் இறங்குவது, அவருக்கு எந்த நிதி ஒதுக்கீட்டிலிருந்து காசு?